வெள்ளணுக்களோடு முப்பது வருடம்: நெல்லைச் சீமையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, தென்காசி என்று கூப்பிடுகிற பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். பேச்சு முடிந்ததும் பிள்ளைகள் ஒரு பக்கம் வந்து நிற்பார்கள். கையில் லேப் ரிப்போர்ட்டோடு பெற்றவர்கள் இன்னொரு பக்கம் நிற்பார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், பாதிப் பதிலோடு பிரிந்துவிடுவோம். அந்தப் பாதிப் பதில்களை முழுதாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள், வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. மருந்து மாத்திரையை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

உங்களுக்கு எந்த ஊர்? இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்?

முக்கூடல். அம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்கவைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்குக் கட்டு எண்ணுகிற வேலை. 25 பீடி ஒரு கட்டு. ஒன்று குறைந்தாலும் பீடிக்கடையில் கழித்துவிடுவார்கள் என்பதால் கண்ணை எடுக்காமல் எண்ணப் பழகினேன். பிற்பாடு கல்லூரியில் ரத்த ஸ்லைடைக் கொடுத்து 100 வெள்ளணுக்களை வகைபிரித்து எண்ணச் சொன்னபோது, மற்றவர்களுக்குச் சலிப்பாக இருந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

தமிழ் வழியில் பள்ளிப்படிப்பு. பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. விலங்கியல், மதுரையில் எம்.எஸ்ஸி. நான் எம்.எஸ்ஸி. படித்த 1986-ல்தான் சென்னையில் நுண்ணுயிரியல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். அந்த மாதிரிகளை நிர்மலா ரயிலில் வேலூருக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார். சி.டி.4 என்ற ஒரே வகை வெள்ளணு குறைந்துபோனால் மனிதன் சாதாரணக் கிருமிக்கே தோற்றுப்போகிறான் என்று அப்போது படித்தேன். நமக்கு இதுதான் வேலை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

வெள்ளணுக்கள் என்றால் ஒரே மாதிரி செல்கள்தானே? அதில் முப்பது வருடம் என்ன ஆராய்ச்சி?

ஒரே மாதிரி இல்லை. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் பெரியவர்களுக்கு 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கும். பாதிக்கு மேல் நியூட்ரோபில்கள். அடுத்து லிம்போசைட்டுகள், பி செல், டி செல் எல்லாம் இந்தக் கூட்டம். அப்புறம் மோனோசைட், ஈசினோபில், தேடிப் பார்த்தால்தான் கிடைக்கும் பேசோபில்.

நான் பிடித்துக்கொண்டது நியூட்ரோபிலை. நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை உற்பத்தி செய்கிறது. ரத்தத்தில் அவை ஓடுவது சில மணி நேரம்தான். காலில் உடைமுள் ஏறினால் அந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்வது இவைதான். மறுநாள் அங்கே கட்டுகிற சலம், அதாவது சீழ், இருக்கிறதே, அதில் பெரும்பகுதி கிருமியோடு சண்டையிட்டு மடிந்த நியூட்ரோபில்கள்.

முள் என்றதும் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ் நினைவு வருகிறார். 1882-ல் இத்தாலியின் மெசினா ஊரில், கண்ணாடி போல் உள்ளே தெரிகிற நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் செல்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்துக் கிடந்தன. செல்கள் கிருமியைத் தின்று நம்மைக் காக்கின்றன என்ற கருத்து அதிலிருந்து வளர்ந்தது. செல்களுக்குச் சாயம் ஏற்றி வகைபிரிக்கக் கற்றுக்கொடுத்த பால் ஏர்லிக்கும் அவரும் 1908-ன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் ஒரு முள்ளை வைத்தும் இன்னொருவர் சாயத்தை வைத்தும் தொடங்கியிருக்கிறார்கள். விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் அறிவியல் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இதை நான் எப்போதும் சொல்வேன்.

நோய் எதிர்ப்புக் குறைபாட்டு நோய்களின் பக்கம் எப்படிப் போனீர்கள்?

ஒரு குழந்தையின் ரத்தத்தால். கழுத்தில் கட்டி, ஈரலில் கட்டி, மறுபடி நுரையீரலில் என்று வந்துகொண்டே இருந்த ஒன்றரை வயதுப் பையன். வெள்ளணு எண்ணிக்கை குறைவில்லை; கூடுதலாகவே இருந்தது. ஸ்லைடில் பார்க்கவும் நியூட்ரோபில்கள் நன்றாகத்தான் இருந்தன. படை நிறைய நிற்கிறது, சண்டை மட்டும் நடக்கவில்லை.

என்.பி.டி. என்று ஒரு மஞ்சள் சாயம் உண்டு. நல்ல நியூட்ரோபில் கிருமியை விழுங்கியதும் ஆக்சிஜனை எடுத்து ஒரு காரமான ரசாயனமாக மாற்றி அதன்மேல் வீசும். அந்த வேதிவினை இந்தச் சாயத்தைக் கருநீலமாக்கிவிடும். என்னுடைய ரத்தத்தை ஒரு ஸ்லைடிலும் பையனின் ரத்தத்தை இன்னொன்றிலும் வைத்துப் பார்த்தேன். என் செல்களுக்குள் மை சிந்தியது போலக் கருநீலத் திட்டுகள். அவன் ஸ்லைடில் ஒரு செல்கூட நிறம் மாறவில்லை. நூறு எண்ணினேன். சந்தேகப்பட்டு இன்னொரு நூறு எண்ணினேன்.

நாட்பட்ட கிரானுலோமா நோய், சுருக்கமாக சி.ஜி.டி. 1950-களில் முதலில் விவரித்தபோது இந்த நோயின் பெயரிலேயே உயிரைப் போக்குவது என்ற சொல் சேர்ந்திருந்தது. இப்போது அந்தச் சொல் இல்லை. தினமும் கொடுக்கிற ஆன்டிபயாடிக்கும் பூஞ்சைக்கு எதிரான மருந்தும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டன. அன்று லேபில் தனியாக உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்று விளங்கியது. அவன் பிறந்ததிலிருந்து அந்தக் குடும்பத்திடம் “சத்துக் குறைச்சல்” என்றும் “கண்ணேறு” என்றும் சொல்லப்பட்ட விஷயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் செய்த எல்லா வேலையும் இந்த ஒன்றுக்காகத்தான்: அடிக்கடி சாகக் கிடந்து பிழைக்கிற குழந்தையைப் பார்த்து “அவன் உடம்புவாகு அப்படி” என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

தொப்புள்கொடி விழாததற்கும் வெள்ளணுவுக்கும் சம்பந்தம் உண்டாமே, உண்மையா?

உண்மை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் நம் ஆச்சிமார் கவனிக்கிற விஷயம் இது. சாதாரணமாக ஒன்றிரண்டு வாரத்தில் கொடி காய்ந்து விழுந்துவிடும். அது காய்ந்து பிரிவதற்கே நியூட்ரோபில்கள் அங்கே வந்து வேலை செய்ய வேண்டும். ஒரு மாதம் ஆகியும் விழவில்லை, அந்த இடம் சிவந்து புண்ணாகிறது, ஆனால் சலம் மட்டும் வைக்கவில்லை என்றால் உடனே கவனிக்க வேண்டும். இவற்றோடு வெள்ளணு எண்ணிக்கை 20,000-த்தைத் தாண்டி நின்றால் எல்.ஏ.டி. என்ற நோயாக இருக்கலாம்.

என்ன நடக்கிறது? தாமிரபரணியில் வெள்ளம் போகும்போது ஆற்றில் விழுந்தவன் கரையேற வேண்டுமானால் படித்துறைக் கல்லையோ நாணலையோ எட்டிப் பிடிக்க வேண்டும். நியூட்ரோபிலும் அப்படித்தான். ஓடுகிற ரத்தத்திலிருந்து குழாயின் சுவரைப் பிடித்து நின்று, சுவரைத் தாண்டிப் புண்ணுக்குப் போக வேண்டும். பிடிப்பதற்கு அதன் மேல்தோலில் ஒரு புரதம் உண்டு, பெயர் சி.டி.18. அந்தப் புரதம் இல்லாத குழந்தைக்கு எத்தனை நியூட்ரோபில் இருந்தாலும் அத்தனையும் ரத்தத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் எண்ணிக்கை மட்டும் ஏறுகிறது, புண்ணில் சலம் இல்லை.

பேறுகாலம் பார்த்த ஆச்சி “கொடி இன்னும் விழலியே” என்று கவலைப்பட்டால் அந்தக் கவலையை ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள்.

என் பிள்ளைக்கு மாதாமாதம் சளி பிடிக்கிறது. எதிர்ப்புக் குறைபாடாக இருக்குமோ?

பெரும்பாலும் இருக்காது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிள்ளைக்கு வருடத்தில் ஆறேழு தடவை சளி பிடிப்பது சாதாரணம். இடையில் நன்றாக விளையாடுகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள்.

கவலைப்பட வேண்டியவை வேறு. ஒரே வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா. ஈரல், எலும்பு போன்ற உள்ளுறுப்பில் கட்டி. ஊசி வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினால்தான் தீருகிற தொற்று. ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் போகாத வெள்ளைப் படலம். எடை ஏறாமல் நிற்பது. குடும்பத்தில் கைக்குழந்தையாக இறந்தவர்கள். இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால் குழந்தை மருத்துவரிடம், “இம்யூன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இப்படிப் பிறவியிலேயே வரும் எதிர்ப்புக் குறைபாடுகள் 450-க்கும் மேல் இன்று தெரியும். முதலில் தெளிவாகப் பிடிபட்டவற்றில் ஒன்று 1952-ல் ஆக்டன் புரூட்டன் கண்டது. 8 வயதுப் பையனுக்குத் திரும்பத் திரும்பத் தொற்று வந்தது. அவன் ரத்தத்தில் காமா குளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதமே இல்லை. வெளியிலிருந்து அதைச் செலுத்தியதும் தேறினான். அதே வைத்தியம், மேம்பட்ட வடிவத்தில், இன்றும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்கப்படுகிறது.

சொந்தத்தில் கல்யாணம் முடித்ததால்தான் இப்படி ஆகிறதா?

மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். இதை யார் மனமும் புண்படாமல், ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எல்.ஏ.டி. மாதிரியான நோய்களில் அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதான ஜீன்கள் சேர்ந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் இருப்பவர் முழு ஆரோக்கியமாக இருப்பார், அவருக்கே தெரியாது. உறவில்லாத இரண்டு பேரிடம் அதே அரிய பழுது இருக்கிற வாய்ப்பு மிகக் குறைவு. மாமன் மகளும் அத்தை மகனும் தங்கள் ஜீன்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் நாலில் ஒரு பங்கு. அதனால் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு பேரிடமும் பழுது இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு.

ஆனாலும் சொந்தத்தில் கட்டிய பெரும்பாலானவர்களுக்கு நல்ல பிள்ளைகள்தான் பிறக்கின்றன. ஏற்கெனவே முடிந்த கல்யாணத்தைப் பற்றிக் குற்றவுணர்ச்சியில் வேகுவதால் யாருக்கும் பயனில்லை. வீட்டில் ஒரு குழந்தைக்கு இந்த நோய் உறுதியானால், அடுத்த பிரசவத்துக்கு முன்னால் மரபணு ஆலோசனைக்குப் போங்கள். பழுதான ஜீன் எது என்று தெரிந்திருந்தால் கர்ப்பத்தின் மூன்றாம் மாத வாக்கிலேயே நஞ்சுக்கொடியின் திசுவைச் சோதித்துச் சொல்ல முடியும். அதே குடும்பத்தில் அடுத்த சொந்தக் கல்யாணம் பேசும் முன்பும் யோசியுங்கள்.

“பெண் கொண்டுவந்த நோய்” என்று என் மாமியார் வீட்டில் சொல்கிறார்கள்.

இந்தக் கேள்வியை ஒரு பெண் என்னிடம் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

சி.ஜி.டி.யில் ஒரு வகை எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும். அம்மாவிடம் இரண்டு எக்ஸ், ஒன்றில் பழுது. மகனுக்கு அந்த எக்ஸ் போனால் நோய். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று உறங்கிவிடும் என்று மேரி லயன் 1961-ல் சொன்னார். அதனால் அந்த அம்மாவின் நியூட்ரோபில்களில் ஒரு பகுதி வேலை செய்யும், மறு பகுதி செய்யாது. செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு அளக்கிற ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில், வேலை செய்யும் நியூட்ரோபிலை ஒளிரவைக்கிற டி.எச்.ஆர். சோதனை போட்டால் திரையில் இரண்டு குன்றுகளாகத் தெரியும். ஒன்று ஒளிர்கிற செல்கள், மற்றது ஒளிராதவை. தான் சுமப்பது என்ன என்று அவளுக்கே தெரியாது. அவள் பாட்டியிடமிருந்து அவள் அம்மா வழியாக வந்திருக்கலாம். தேர்ந்தெடுக்காத ஒன்றுக்கு யாரும் குற்றவாளி ஆக மாட்டார்கள். கணவன்மாருக்கும் சொல்கிறேன்: ரிப்போர்ட் வாங்கப் போகும்போது அவளோடு நீங்களும் போங்கள்.

ஆராய்ச்சிக்காகக் குடும்ப வரலாறு கேட்கும்போது நான் முதலில் தேடுவது அம்மா வழி ஆச்சியைத்தான். “உங்க ஆம்பளப் பிள்ளைங்க யாராவது சின்னதிலேயே தவறிட்டாங்களா?” என்று கேட்டால், ஃபைலில் இல்லாத ஒரு தாய்மாமனின் கதை வெளியே வரும்.

பிறந்ததும் போடுகிற பி.சி.ஜி. ஊசி ஆபத்தா?

இல்லை. கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றுகிற ஊசி, கண்டிப்பாகப் போட வேண்டும். ஆனால் அதில் இருப்பது பலவீனப்படுத்தப்பட்ட உயிருள்ள கிருமி. டி செல்களே இல்லாமல் பிறக்கிற எஸ்.சி.ஐ.டி. குழந்தைக்கும் சில சி.ஜி.டி. குழந்தைகளுக்கும் அது உடம்பில் பரவிவிடும். ஊசி போட்ட பக்கம் அக்குளில் கட்டி வீங்கி உடைவது, கூடவே காய்ச்சல், எடை இறக்கம் என்று இருந்தால் விசாரிக்க வேண்டும். முந்தைய குழந்தை காரணம் தெரியாமல் இறந்திருந்தால் அடுத்த குழந்தைக்கு ஊசி போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் வெள்ளணு 13,000 என்று இருக்கிறது. ரத்தப் புற்றுநோயா?

காய்ச்சல், தொண்டைப் புண், ஸ்டீராய்டு மாத்திரை, எதில் வேண்டுமானாலும் அவ்வளவு ஏறும். காய்ச்சல் விட்டபின் திரும்ப எடுத்துப் பாருங்கள். அப்போதும் ஏறியே இருந்தால் ஸ்மியர், அதாவது ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில், பார்க்கச் சொல்லுங்கள். இயந்திரம் எண்ணிச் சொல்லும். செல்லின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அனுபவமுள்ள கண் வேண்டும்.

டெங்குவில் எல்லாரும் தட்டணுக்களையே பார்க்கிறார்கள். 2012-ல் கடையநல்லூர் பக்கம் டெங்கு பரவியபோது வீட்டுக்கு வீடு அந்த எண்ணைத்தான் பேசினார்கள். அதற்கு முன்பே வெள்ளணு இறங்கத் தொடங்கிவிடும் என்பதைக் கவனிப்பதில்லை.

ஈசினோபில் பற்றி ஒரு வார்த்தை. “எனக்கு ஈசினோபிலியா இருக்கு” என்று இருமிக்கொண்டே சொல்பவர்கள் நிறைய. அது நோயின் பெயர் இல்லை, அறிகுறி. அலர்ஜியாலும் குடற்புழுவாலும் ஏறும். 3,000-த்தைத் தாண்டி, இரவில் இருமலும் இழுப்பும் இருந்தால் யானைக்கால் புழுவுக்கு உடம்பு காட்டுகிற எதிர்வினையாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு, நன்றாகக் கேட்கும்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்ட என்ன சாப்பிடலாம்?

வழக்கமான நல்ல சாப்பாடு, தூக்கம், தடுப்பூசி. பிறவியில் ஜீன் பழுதானால் எந்தப் பொடியும் கஷாயமும் அதைச் சரிசெய்யாது.

கூட்டுவது என்ற சொல்லே பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். லூபஸ் போன்ற நோய்களில் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்குகிறது; அங்கே அதை அடக்கத்தான் மருந்து கொடுக்கிறோம். அடக்கிவைப்பதற்கென்றே உடம்பில் தனி டி செல்கள் உண்டு. அவற்றைக் கண்டறிந்ததற்காக 2025-ல் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் நோபல் கிடைத்தது.

உங்கள் வேலையில் தோற்றது, தவறியது உண்டா?

உண்டு. நியூட்ரோபிலை ஃப்ரீசரில் போட்டு வைத்து ஆற அமரச் சோதிக்க முடியாது. ரத்தம் எடுத்த ஒரு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். நம் பக்கத்திலிருந்து ரத்தம் ராத்திரி ரயிலில் வரும், காலையில் ஸ்டேஷனுக்கு நானே போவேன். ஒரு தடவை யாரோ நல்லெண்ணத்தில் டியூபை நேராக ஐஸ்மேல் வைத்து அனுப்பிவிட்டார்கள். சோதித்தால் ஒரு செல்லும் ஒளிரவில்லை. சி.ஜி.டி. என்று எழுதியிருப்பேன். கூடவே அனுப்பச் சொல்லியிருந்த, உறவில்லாத ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் அதே மாதிரி செத்துக் கிடந்ததால் தப்பித்தேன். அந்தத் துணை டியூப் இல்லாமல் நான் எந்த மாதிரியையும் வாங்கியதில்லை, மாணவர்களையும் வாங்கவிட்டதில்லை.

இன்னொன்று என்னுடைய தவறேதான். ஆரம்ப வருடங்களில் ஒரு சிறுமியின் என்.பி.டி. ஸ்லைடில் செல்கள் லேசாக நீலமாயின. சரியாக இருக்கிறது என்று எழுதினேன். சில வகை சி.ஜி.டி.யில் கொஞ்சம் வேலை மிச்சமிருக்கும், கண்ணால் பார்த்தால் ஏமாற்றும். இரண்டு வருடம் கழித்து டி.எச்.ஆர். சோதனையில்தான் நோய் தெரிந்தது. அதற்குள் ஒரு நுரையீரல் கெட்டுவிட்டது. அவள் இன்று பிழைத்திருக்கிறாள். அந்த ஸ்லைடின் எண்ணை இன்னும் மறக்கவில்லை.

இந்த நோய்களுக்கு வைத்தியம் உண்டா? செலவை நம்மால் தாங்க முடியுமா?

நோயைப் பொறுத்தது. சி.ஜி.டி.க்குத் தினசரி மருந்துகள், கூடவே சில எச்சரிக்கைகள். வைக்கோல் படப்பில் ஏறி விளையாடுவது, எருக்குழி கிளறுவது, பழைய சுவர் இடிக்கும் இடத்தில் நிற்பது எல்லாம் கூடாது. அங்கே இருக்கிற பூஞ்சை அவர்கள் நுரையீரலில் வளர்ந்துவிடும். விவசாயக் குடும்பத்தில் இது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். சிரமப்பட்டாலும் செய்யுங்கள்.

முழுக் குணம் வேண்டுமென்றால் எலும்பு மஜ்ஜை மாற்று. வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே அது தொடங்கிவிட்டது. கூடப்பிறந்தவரின் மஜ்ஜை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. இப்போது பாதி பொருந்துகிற அப்பா அம்மாவிடமிருந்தும் எடுக்கிறார்கள். 2021-ல் வந்த தேசிய அரிய நோய்கள் கொள்கையில் எஸ்.சி.ஐ.டி., சி.ஜி.டி. இரண்டும் இருக்கின்றன. அறிவிக்கப்பட்ட சிறப்பு மையத்தில் பதிவு செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழி உண்டு. சண்டிகர் பி.ஜி.ஐ., மும்பையில் உள்ள தேசிய இம்யூனோஹெமடாலஜி நிறுவனம் ஆகியவை இந்த நோய்களைக் கண்டறிவதில் நீண்ட அனுபவம் உள்ளவை.

நானும் இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்? தமிழ் வழியில் படித்தால் முடியுமா?

முடியும். பி.எஸ்ஸி.யில் விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், எதுவானாலும் சரி. எம்.எஸ்ஸி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, இரண்டு வருடத்துக்குப் பிறகு 42,000. வீட்டில் பணம் கேட்காமல் பிஎச்.டி. முடிக்கலாம். ஆங்கிலம் எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. கட்டுரைகளைத் தினம் ஒரு பக்கம் படித்து, புரிந்ததைத் தமிழில் நோட்டில் எழுதுவேன். அந்த நோட்டுகள்தான் பிற்பாடு என்னைக் காப்பாற்றின.

நிரந்தர வேலை கிடைக்க எனக்கு 36 வயதாகிவிட்டது. இதை மறைத்துப் பிள்ளைகளை இந்தத் துறைக்கு இழுக்க எனக்கு மனமில்லை. அந்த வருடங்களில் வீட்டிலிருந்து வருகிற கேள்விகளைத் தாங்க வேண்டியிருக்கும், பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு.

உங்களைப் பார்க்க வரலாமா? ரத்தம் அனுப்பலாமா?

ரத்தம் அனுப்ப வேண்டாம். என்னிடம் இப்போது லேப் இல்லை. குழந்தை மருத்துவரிடம் போகும்போது கையில் இவை இருக்கட்டும்: இதுவரை எடுத்த எல்லா ரத்த ரிப்போர்ட்டும், தேதி வரிசையில். தடுப்பூசி அட்டை. எடை எழுதிய அட்டை. எந்தக் கிருமி வளர்ந்தது என்ற கல்ச்சர் ரிப்போர்ட். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில், இரண்டு பக்கக் குடும்பத்திலும் குழந்தையாக இறந்தவர்கள் யார், எந்த வயதில், என்ன சொன்னார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதை எழுத ஆச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.